முதலில் கை நீட்டியவர்

எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஆள் நல்ல பெயர் இருந்தாலும், கூப்பிடுவது அவரவர் காட்டை, அதாவது விவசாய நிலத்தை, வைத்துத்தான். பள்ளத்தில் காடு இருந்தால் பள்ளக்காட்டார். ஓடையை ஒட்டி இருந்தால் ஓடைக்காட்டார். அவருடைய காடு எங்கள் தோட்டத்துக்கு மேற்கே, வண்டித்தடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதனால் ஊருக்கு அவர் மேக்காட்டார், எனக்கு மேக்காட்டண்ணன், என் மகளுக்கு மேக்காட்டு மாமா. ஆதார் அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

மல்லசமுத்திரத்துக்கு வடக்கே உள்ள ஊர் எங்களுடையது. நான் வீட்டுக்கு ஒரே பெண் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவின் தோட்டத்திலேயே குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. அவர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குகிற நேரம். ஆக, பாம்பு வந்தாலும் சரி, கேஸ் அடுப்பு பற்றாவிட்டாலும் சரி, நான் வேலிப்பக்கம் நின்று கத்தினால் ஓடி வருகிற ஆள் மேக்காட்டண்ணன்தான். உறவுமுறை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. கூடப் பிறந்தவர்கள் இருக்கிற பெண்களைப் பார்த்து நான் பொறாமைப்படாமல் இருந்தது அவரால்தான்.

ஒல்லியான, உயரமான மனிதர். நடக்கும்போது இரண்டு கைகளும் கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும், எதிரே இருப்பதை நமக்கு முன்னால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதுபோல. அவர் வாயில் எப்போதும் இருக்கிற பேச்சு ஒன்று உண்டு. “இருங்க, முதல்ல நான் பாக்கறேன்.” எதற்கும் அவர்தான் முதலில். ஓடையில் தண்ணீர் ஓடினால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்திவிட்டு முதலில் இவர் இறங்கி அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வருவார். கிணற்றில் குதிக்கப் பையன்கள் வந்தால் முதல் குதி இவருடையது, அடியில் கல் கிடக்கிறதா என்று பார்க்க. யாராவது புது ஏணி வாங்கினால்கூட முதலில் ஏறி, உச்சியில் நின்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். “ஏனுங்க, ஏணி உங்க ஊட்டுக்கா வாங்குனேன்?” என்று வாங்கினவர் சிரிப்பார்.

கல்யாணமான புதிதில் நான் முதன்முதலாக வைத்த கறிக்குழம்பைப் பார்த்து என் வீட்டுக்காரர் கையைக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார். அதன் நிறம் அப்படி. தற்செயலாக வந்த அண்ணன்தான் வாசலிலேயே ஒரு கிண்ணத்தில் வாங்கிக் குடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அருமையா இருக்குது மாப்ளை, தைரியமாச் சாப்புடுங்க” என்றார். அதை நம்பிச் சாப்பிட்ட மனிதர் இன்றுவரை அந்தக் குழம்பைச் சொல்லிக் காட்டுகிறார். அண்ணனைக் கேட்டதற்கு, “பேதியாவாதுன்னு பாத்துத்தான சொன்னேன். ருசியப் பத்தி நான் என்ன கண்டேன் அம்மிணி?” என்றார்.

கொரோனா ஊசி வந்தபோது எங்கள் ஊரில் ஒருத்தரும் போகவில்லை. ஊசி போட்டால் ரெண்டு வருஷத்தில் ஆள் போய்விடும் என்று எவனோ செல்போனில் அனுப்பியதை எல்லோரும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, “ஏனுங்க, எப்படி இருக்குது?” என்று கேட்பார்கள். “இன்னும் உசுரோடதான் இருக்கறேன். பொழுது சாயற வரைக்கும் இருந்தன்னா நாளைக்கு நீங்க போங்க” என்பார். மறுநாள் ஊசி போடுகிற இடத்தில் ஊரே நின்றது.

ஏன் இப்படி ஒரு மனிதர் என்று ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். அவருடைய அப்பா, மழை நாளில் கிணற்று மோட்டாரைப் போடப் போய்க் கரண்ட் அடித்துச் செத்துப்போனார். இவர் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், அப்பாவுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாராம். அதனால்தான் என்பார்கள். எனக்குத் தெரியாது. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எல்லாவற்றிலும் முன்னால் போன மனிதர் கல்யாணத்தில் மட்டும் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டார். சித்தப்பா மகன் ஒருத்தன், பெரியப்பா மகன் ஒருத்தன், தெற்குக் காட்டுப் பையன் என்று அவருக்கு இளையவர்களெல்லாம் தாலி கட்டினார்கள். அத்தனை கல்யாணத்திலும் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து சாம்பாரைச் சோதித்தது அண்ணன்தான். இப்போதெல்லாம் காட்டில் வேலை செய்கிற பையனுக்கு எங்கள் பக்கத்தில் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையா, கோயம்புத்தூரில் சொந்த வீடா என்றுதான் கேட்கிறார்கள். மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டு, நாலு மாடு வைத்துக்கொண்டு அம்மாவோடு இருக்கிறவனுக்கு யார் தருகிறார்கள்? அவருடைய அம்மா, நான் பெரிம்மா என்று கூப்பிடுகிறவர், போகாத கோயில் இல்லை. “எனக்கென்ன அவசரமுங்க” என்று அண்ணன் சிரிப்பார். ஆனால் புதுச் சட்டை ஒன்றை மடிப்புக் கலையாமல் பீரோவில் எடுத்து வைத்திருந்தார், யாராவது திடீரென்று பெண் பார்க்க வரச் சொன்னால் போட்டுக்கொள்ள.

என் மகளுக்கு ஏழு வயசு இருக்கும்போது மாரியம்மன் நோம்பிக்கு, கோயில் திருவிழாவுக்கு, அவர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பலூன் கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே ஒரு இளைஞன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையில் கருப்பாகப் படம் போட்டுக்கொண்டிருந்தான். தேள், டிராகன், இதயம், பட்டாம்பூச்சி. எதிரே ஒரு பலகையில் எல்லாப் படமும் ஒட்டியிருந்தது. என் மகள் அங்கேயே நின்றுவிட்டாள். வீட்டில் மருதாணி அரைத்து வைக்கிறேன் என்று நான் சொன்னால், “அது செவப்பு. எனக்குக் கருப்புத்தான் வேணும்” என்று ஒரே அடம்.

“நிக்குமாப்பா இது?” என்று அண்ணன் அந்த இளைஞனைக் கேட்டார்.

“ரெண்டு வாரம்ண்ணே. அப்புறம் தானாப் போயிரும். பச்சை குத்தறது இல்லை, சும்மா மேலுக்குப் போடற மெகந்தி.”

மகளுக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். “வலிக்குமாங்க மாமா?” என்றாள்.

“இரு சாமி. முதல்ல மாமன் கையில போடட்டும். வலிச்சா மாமன் அழுவேன். அழுவலைன்னா நீ போட்டுக்க” என்று சொல்லி, சட்டைக் கையை மடித்து அண்ணன் தன் வலது கையை நீட்டினார். எந்தப் படம் என்று கேட்டதற்கு மகளைக் காட்டினார். அவள் பட்டாம்பூச்சியைக் காட்டினாள். மீசை வைத்த அத்தனை உயரமான மனிதருக்கு முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், நெருப்புப்பெட்டி அகலத்துக்கு ஒரு பட்டாம்பூச்சி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “மேக்காட்டாரே, பறந்துறாதீங்க, பால் கறக்க ஆள் வேணும்” என்று ஒருவர் கத்தினார்.

அண்ணனுக்குப் போட்டு முடித்து, மகள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தபோது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, கேட்கவா வேண்டும். அந்த இளைஞன் மைக்கிண்ணத்தை மூடிக்கொண்டு தார்ப்பாய்க்குள் போய்விட்டான். வீடு வருகிற வரைக்கும் மகள் அழுதாள். “மாமன் கையிலதான் இருக்குதே சாமி. உனக்கு எப்பப் பாக்கோணுமோ அப்ப ஓடி வா, காட்டறேன்” என்று அண்ணன் வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். அவளும் அப்படியே தினமும் வேலியைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரம், பத்து நாள் ஒன்றும் இல்லை. கருப்பு மங்கத் தொடங்கிய பிறகு அரிப்பு ஆரம்பித்தது. சொறிந்து சொறிந்து, ரெண்டு நாளில் அந்தப் படம் போட்ட இடம் மட்டும் சிவந்து தடித்தது. இறக்கை, மீசை, உடம்பு என்று கோடு பிசகாமல் தோலுக்கு மேலே எழுந்து நின்றது. அதன் மேல் பொடிப்பொடியாகக் கொப்புளம், கொப்புளத்திலிருந்து நீர். மகள் போய்ப் பார்த்துவிட்டு, “அம்மா, மாமா கையில பூச்சி உசுரோட இருக்குது” என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நான் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை.

பெரிம்மா ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டார். “இது அக்கி அம்மிணி. எழுதுனாப் போயிரும்” என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் உடம்பில் கொப்புளம் கூட்டமாகக் கிளம்பினால் அக்கி என்று சொல்லி, காவிமண்ணைக் குழைத்துக் கோழி இறகால் அதன் மேல் எழுதுவார்கள். இவருக்கும் கூட்டிப் போய் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். தடித்து நின்ற பட்டாம்பூச்சியின் மேல் சிவப்புக் காவிக் கோடு. அது காய்ந்து இழுத்து, புண் இன்னும் வெடித்தது. எனக்குத் தாங்கவில்லை. “எழுதி வந்த சீக்குக்கு மேல இன்னும் எழுதியா பெரிம்மா சரி பண்ணுவாங்க? உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்குதா?” என்று சண்டை போட்டு, அன்றைக்கே அவரைச் சேலத்துக்குத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டரம்மா கையைத் தொடாமலே சொல்லிவிட்டார். “இது வெறும் மருதாணி இல்லைங்க. மருதாணி கருப்பா வராது. சீக்கிரம் கருக்கணும்னு, தலைக்கு அடிக்கிற டையில இருக்கிற மருந்தை இதுல கலந்துடறாங்க. சில பேர் உடம்புக்கு அது ஒத்துக்காது. ஒருதரம் ஒத்துக்கலைன்னா அப்புறம் ஆயுசுக்கும் ஒத்துக்காது. அடுத்த தரம் இதைவிடப் பெருசா வரும். அதனால தலைக்கு மட்டும் டை அடிச்சுடாதீங்க. மறக்கக் கூடாது.”

“எனக்கெதுக்குங்க டை? தலை கருகருன்னு இருக்குதுங்களே” என்று அண்ணன் சிரித்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நல்லவேளை அம்மிணி, மழை வந்துச்சு. இது புள்ள கையில வந்திருந்தா என்ன பண்றது?” அந்தப் படம் போட்ட இளைஞனை நான் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணன் திட்டவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது, அவன் விரலெல்லாம்கூட அதே மையில்தான் கிடந்தது என்றார்.

ரெண்டு வாரத்தில் போய்விடும் என்று சொன்னது போகவே இல்லை. புண் ஆறிய இடத்தில் தோல் வெளுத்து, பட்டாம்பூச்சி வெள்ளையாக நின்றுவிட்டது. அதிலிருந்து அவர் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். பெண் பார்க்க ஒரு முறை அயோத்தியாப்பட்டணம் போனபோது, காபி டம்ளரை வாங்கக் கை நீட்டியதில் சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. பெண்ணின் மாமா, “என்னாங்க அது, வெண்குஷ்டமா?” என்று சபையில் கேட்டுவிட்டார். அண்ணன் ஒளிக்கத் தெரியாத மனிதர். நோம்பி, மழை, பட்டாம்பூச்சி என்று முழுக்கதையையும் சொன்னார். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. தோல் சீக்கு என்று மட்டும் தரகர்கள் மத்தியில் ஒரு பேச்சு பரவியது.

அந்த மாதிரி ரெண்டு மூன்று இடம் தட்டிப்போன வருஷங்களில் அவர் தலையும் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் காதோரம், அப்புறம் உச்சி. நாற்பதைத் தொடுவதற்குள் பாதிக்கு மேல் வெள்ளை. பெரிம்மா அந்தத் தலையைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்.

அப்போதுதான் எடப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா இல்லை. தம்பி தங்கைகளுக்குச் செய்து முடிப்பதற்குள் டீச்சருக்கு வயது ஓடிவிட்டது. கூடப் பிறந்த அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். போட்டோ தரமாட்டார்களாம், போட்டோ கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டதாம், பிடித்தால் நேரில் வந்து பார்க்கட்டும் என்றார்களாம். எனக்குக் கேட்டவுடனே பிடித்துவிட்டது. அந்த டீச்சரே ஒருநாள் அண்ணனுக்குப் போன் செய்து பேசினார்கள். மரவள்ளி எத்தனை மாசத்துப் பயிர், மாட்டுக்கு என்ன தீவனம் என்றெல்லாம் கேட்டார்களாம். இவர் என்ன கேட்டார் என்றால் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் பால் ஊற்ற வந்தவர் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். “என்னங்கண்ணா?” என்றேன். “ஒன்னுமில்ல அம்மிணி. குரல் நல்லா இருக்குது” என்றார். நாற்பதுக்குப் பக்கத்து மனிதர் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக முடிவானது. தரகர் பெரிம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, “தலை மட்டும் கொஞ்சம் கருப்பா இருந்தாத் தேவலைங்க. அப்புறம் தட்டிப்போச்சுன்னா என்னைச் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டாக்டரம்மா சொன்னது அம்மாவுக்கும் மகனுக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. டைதானே அடிக்கக் கூடாது, மருதாணி அடிக்கலாம் என்று இவர்களாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். கடையில் போய், டை வேண்டாம், கருப்பு மருதாணிப் பொடி கொடுங்க என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பாக்கெட்டில் பச்சை இலைப் படம். மருந்து கலந்தது இல்லையே என்று அண்ணன் கேட்டதற்கு, கடைக்காரர் அந்த இலையைத்தான் தொட்டுக் காட்டினாராம். அன்றைக்கு நோம்பியில் கையில் போட்டதும் கருப்பு மருதாணிதான் என்பது அந்த நேரத்தில் ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. என்னிடம் சொன்னால் நான் கத்துவேன் என்று ரெண்டு பேரும் மூச்சு விடவில்லை.

அந்தப் பாக்கெட்டை நான் பிறகு பார்த்தேன். முதலில் கொஞ்சமாக எடுத்துக் காதுக்குப் பின்னால் தடவி, ரெண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் போடவும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் எல்லாவற்றையும் முதலில் போட்டுப் பார்த்துச் சொன்ன மனிதர். அவருக்குப் போட்டுப் பார்க்க ஒருத்தரும் இல்லை, அவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை தேய்த்துக் குளித்தார். சனிக்கிழமை மண்டையெல்லாம் அரிப்பு, நெற்றி வீக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பெரிம்மா, “அம்மிணி, எம்பட பையன் மூஞ்சியப் பாரு வா” என்று கதறிக்கொண்டு வேலிக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்தால் அது அண்ணன் முகமே இல்லை. பூசணிக்காய் மாதிரி வீங்கி, ரெண்டு கண்ணும் மூடி, காதிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. தலை மட்டும் கருகருவென்று இருந்தது. நான் கத்தவில்லை.

காரைப் பிடித்துத் திருச்செங்கோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மூச்சுக்குழாய் வீங்கவில்லை, பயமில்லை, கண் திறக்க ரெண்டு மூன்று நாளாகும் என்றார் டாக்டர். பெரிம்மா தரகருக்குப் போன் செய்து, பையனுக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொன்னார். ஆஸ்பத்திரி பெயரையும் உளறிவிட்டார் போலிருக்கிறது.

மத்தியானம் பெரிம்மா டீ வாங்கப் போயிருந்தார். நான் மட்டும் அண்ணன் பக்கத்தில் இருந்தேன். ஒரு ஆளும் ஒரு பெண்ணும் வந்து வாசலில் தயங்கினார்கள். அந்த ஆள் கதவோரமே நின்றுவிட்டார். பெண் மட்டும் உள்ளே வந்து கட்டிலருகே நின்று, அந்த முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, “நானுங்க, எடப்பாடி” என்றார்கள்.

அண்ணனுக்குக் குரல் தெரிந்துவிட்டது. பதறி எழுந்து, கையால் தடவித் துண்டைத் தேடி முகத்தை மூடப் பார்த்தார். குளுக்கோஸ் ஊசி இழுத்தது.

“படுத்துக்கங்க. எந்திரிக்காதீங்க” என்றார்கள் அவர்கள்.

“ஒக்காருங்க. அம்மிணி, அந்தச் சேரை எடுத்துப் போடு.” துண்டு முகத்தின் மேல் பாதி கிடந்தது. “காய்ச்சல்னு சொன்னது பொய்யிங்க. தலைக்கு அடிச்சேன். ஒத்துக்கலை.”

“தரகர் அடிக்கச் சொன்னாருங்களா?”

“ஆரும் சொல்லலீங்க. நானாத்தான்.”

அந்த டீச்சர் மடியில் இருந்த சாத்துக்குடிப் பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் அண்ணன் கையை முன்னால் நீட்டித் தடுத்தார்.

“இருங்க. முதல்ல நான் சொல்லீர்றனுங்க. இது ஒத்து வராதுங்க. உங்களுக்கு நல்ல இடமா வரும். மாப்பிள்ளை ஊட்லயே வேண்டாம்னுட்டாங்கன்னு உங்க அண்ணன்கிட்டச் சொல்லீருங்க. ஊர்ல ஆராச்சும் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. உங்க மேல ஒரு பேச்சும் வராது.”

கதவோரம் நின்ற அவர்களுடைய அண்ணனுக்கு அது நன்றாகக் கேட்டது. டீச்சர் பையின் காதை முறுக்குவதை நிறுத்தினார்கள். “சரிங்க. உடம்பப் பாத்துக்கங்க” என்று சொல்லி, பையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

நான் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். “நான் சரின்னு சொல்லத்தானுங்க வந்தேன்” என்றார்கள் என்னைப் பார்த்து. “சாக்குச் சொல்லி ஒதுங்கறாங்கன்னு எங்கண்ணன் சொன்னாரு. இல்லைங்கண்ணா, அப்படிப் பேசற ஆள் இல்லை அவருன்னு நான்தான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். உள்ள வந்து பாத்ததுக்கு அப்புறமும் சரின்னுதான் இருந்தேனுங்க.”

“ஐயோ, அவரு அப்படித்தானுங்க. நீங்க வேண்டாம்னு சொல்றதுக்குச் சங்கடப்படுவீங்கன்னு அவரே முந்திக்கிட்டாருங்க. சித்தெ நில்லுங்க, நான் போய்ச் சொல்லிக் கூப்புடறேன்” என்று நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்களுடைய அண்ணன் நடுவில் வந்தார். கோபக்காரர் இல்லை, முகம் வாடித்தான் இருந்தது. “ஏனுங்க, மாப்பிள்ளையே வாயால வேண்டாம்னுட்டாரு. இதுக்கு மேல எம்பட தங்கச்சி நின்னு, என்னைக் கட்டிக்குங்கன்னு கேக்கோணுமா? உங்க ஊட்டுப் புள்ளைன்னா விடுவீங்களா?” என்றார். நான் பிடித்திருந்த கையை விட்டேன். வண்டி கிளம்பும்போது அந்த டீச்சர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு தரகரை ரெண்டு முறை அனுப்பினோம். என் வீட்டுக்காரரே ஒருதரம் போய்ப் பேசிப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு மறுபடியும் பெண்ணைக் காட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தை மாசம் அந்த டீச்சருக்கு ஓமலூர்ப் பக்கம் கல்யாணம் முடிந்தது. அண்ணன் அதற்கப்புறம் எந்த இடத்துக்கும் பெண் பார்க்கப் போகவில்லை. பெரிம்மா தவறிப்போன பிறகு காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு சமையல்காரராக வடக்கே போனவர், நோம்பிக்குக்கூட ஊருக்கு வருவதில்லை. வண்டிக்காரப் பையன்கள் வந்தால் சொல்வார்கள், எந்த ஊரில் இறங்கினாலும் அந்தத் தண்ணீரை முதலில் அவர் குடித்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுப்பாராம்.

அந்த டீச்சர் போன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நான் ஆத்திரத்தோடுதான் உள்ளே திரும்பினேன். அத்தனையும் கொட்டிவிட்டேன். “எதுக்கெடுத்தாலும் முதல்ல நான், முதல்ல நான்! அவங்க சரின்னு சொல்ல வந்தாங்கண்ணா. ஒரு வார்த்தை அவங்களப் பேச உட்டிருந்தா என்னங்க?” என்று அழுதுகொண்டே கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் அசையாமல் படுத்திருந்தார். வீங்கிய இமைக்கு அடியிலிருந்து நீர் வழிந்தது. அது புண்ணின் நீரா, கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

“சரின்னு சொல்லவா வந்தாங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்கண்ணா.”

“என்னையப் பாத்ததுக்கு அப்புறமுமா?”

“பாத்ததுக்கு அப்புறமும்தானுங்க.”

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம், மிகவும் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அவங்க எப்படி அம்மிணி இருந்தாங்க?”

நான் சொன்னேன். மாநிறம் என்றேன். கண்ணாடி போட்டிருந்தார்கள், ஊதா நிறப் புடவை, கையில் ஒரே ஒரு வளையல் என்றேன். சிரித்தால் நன்றாக இருக்கும் முகம் என்றேன், அவர்கள் சிரித்து நான் பார்க்காவிட்டாலும். ஒவ்வொன்றுக்கும் “ம்” கொட்டிக்கொண்டிருந்தவர், “தலை?” என்று கேட்டார்.

“வகிடெல்லாம் வெள்ளையா நரைச்சுத்தானுங்கண்ணா இருந்துச்சு. அப்படியே சீவிட்டு வந்திருந்தாங்க.”

அதற்கு அவர் “ம்” கொட்டவில்லை.